பறக்க இன்னும் பதினைந்து வருஷம்

வியாழன் இரவு ஒன்பதரை.
ஜம்பட்டா வீதி லொட்ஜின் முன்னறையில்
பதினொரு பேருக்கு எட்டுக் கதிரை.
படம் ஆங்கிலம், அடியில் ஓடும் எழுத்து சிங்களம்,
அதைத் தமிழில் சொல்வது என் வேலை.
யாரும் தந்த வேலையில்லை.
முதல் கிழமை வாய் தவறி ஒரு வரி சொன்னேன்.
அடுத்த கிழமை எனக்கென்று ஒரு கதிரை காலியாய்க் கிடந்தது.

அதனால் இந்த அறையில் சிரிப்பு மூன்று தரம் வரும்.
முதலில் ஓர்வில், காதாலே கேட்டு.
பிறகு ஜயவீர, எழுத்துக் கூட்டி.
கடைசியில் மற்றவர்கள், நான் சொல்லி முடித்த பிறகு.
சாவும் அப்படித்தான்.
திரையில் ஒருவன் விழுந்து,
காட்சி மாறி, பொலிஸ்காரர்கள் கோப்பி குடிக்கும்போது
பின்வரிசையில் "ஐயோ" என்கிறார்கள்.

இரவுகளில் ஊரைக் காக்க ஒரு மாவீரன் வருவான்,
கூரைக்குக் கூரை பறப்பான்.
இது அதற்கு முந்திய கதை.
இப்போது அவனுக்குப் பத்து வயது.
தாயும் தகப்பனும் ஒரு சந்தில் சுடப்பட்டுக் கிடக்க
சப்பாத்து நாடாவைக் கட்டி, அவிழ்த்து, கட்டிக்கொண்டிருக்கிறான்.

"எத்தனை வயசில பறப்பான்?" செபமாலை கேட்டார்.
"இருவத்தஞ்சு," என்றான் மிஹ்ளார்.
புறக்கோட்டையில் போன் உறை விற்கிறவன்,
முழுக்கதையும் அவனுக்கு மனப்பாடம்.
"அப்ப பதினைஞ்சு வருஷம்.
அதுவரைக்கும் ஊரை ஆர் பாக்கிறது?"
மிஹ்ளாரிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

ஒரேயொரு நேர்மையான துப்பறிவாளன் இருக்கிறான்.
மேசையில் வைத்த கடித உறையை
ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினான்.
முப்பது வருஷம் கான்ஸ்டபிளாய் இருந்த ஜயவீரவுக்கு
சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.
"இவர் மூணு மாசம்தான்," என்றார் தன் தமிழில்.
"பொறகு மொனராகலை."

மீன்கடையில் ஐஸ் உடைக்கும் பொடியனைக் காட்டினார்கள்.
முதலாளி பிடரியில் அறைகிறான்.
"இவன்தான் பொறகு ஊரையே கொளுத்துற," என்றான் மிஹ்ளார்.
"சும்மா இரு," என்றது அறை முழுவதும்.
எங்களுக்குப் பிடித்தது அவனைத்தான்.
விறைத்த விரல்களை அவன் வாயில் வைத்துச் சூடேற்றியபோது
ஓர்வில்கூட ஆங்கிலத்தை மறந்து உச்சுக் கொட்டினார்.
கொளுத்தட்டும் என்று யாரோ சொன்னார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

யோகமலர் வாசல் நிலையில் சாய்ந்து நிற்பாள்.
வேலை முடிந்து வரும்போது கதிரைகள் நிறைந்திருக்கும்,
தந்தாலும் உட்கார மாட்டாள்.
இந்தக் கிழமை அவள் வாய் திறந்தாள்.
துப்பறிவாளன் அலுமாரியிலிருந்து ஒரு கோவையை எடுத்தபோது.
"அதில என்ன எழுதியிருக்கு?"

கோவையின் அட்டைக்கு அடியெழுத்து போடவில்லை.
ஓர்விலைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.
எனக்குத் தெரிந்த மட்டும் வாசித்தேன்:
செத்தவர்களின் பெயர். திகதி. சந்தின் பெயர்.
"எல்லாம் எழுதியிருக்கா?"
ஓம் என்றேன்.
"எவ்வளவு மொத்தம்," என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
தம்பியைப் பற்றி எங்களுக்குத் தெரியும்,
கொமிஷனுக்கு அவள் கொண்டுபோய்வரும்
ஒற்றைத்தாளின் மடிப்புகளையும் தெரியும்.
ஜயவீர தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.
எதிரே நகைக்கடை ஜெனரேட்டர் உறுமி
அவர்களின் பெயர்ப்பலகை மட்டும் எரிந்தது.
அந்த மஞ்சள் வெளிச்சத்தில்
கொலைகாரன் யாரென்று மிஹ்ளார் சொல்லத் தொடங்க
எல்லோரும் சேர்ந்து அவன் வாயைப் பொத்தினோம்.

செபமாலை எழுந்தார். துறைமுகத்தில் இரவுக் காவல்.
தொப்பியை இருட்டில் தேடி எடுத்தார்.
"அண்ண, நீங்க எப்ப பறக்கிற?"
"ஓவர்டைம் காசு வரட்டும்."
படியில் அவருடைய டோர்ச் கொஞ்ச நேரம் தெரிந்தது.

கரண்ட் வந்தபோது எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
நடித்தவர், தைத்தவர், விளக்குப் பிடித்தவர்.
எழும்பப் போனேன்.
"அதையும் வாசி," என்றாள் யோகமலர்.
செபமாலையின் கதிரையில் இருந்தாள்.
ஓர்வில் எழுத்துக்கூட்ட,
ஒவ்வொரு பெயராக,
மூன்று நொடி பிந்தி, வாசித்தேன்.