நாற்பதுக்குள்

ஏரி உறைந்தால் எங்களுக்கு ஓடுபாதை.
ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை
பியலினென் பனியிலிருந்து சைமி பறப்பாள்,
நான் கரையில் நிற்பேன்.
எனக்கு உயரம் ஆகாது.
நூர்மெஸ் பேருந்தின் ஓட்டுநர் இருக்கைதான்
நான் ஏறிய அதிகபட்சம்.

அவள் விமானத்தின் மூக்கில் மூன்று அலகுகள்,
பறக்கும்போதே சாய்வு மாறும் வகை.
ஏறுகையில் காற்றை மெல்லிசாய்ச் சீவ வேண்டும்,
நேரே போகையில் தடிப்பாய் அள்ள வேண்டும்.
அதைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி கடையில் கிடைக்கும்;
அந்த விலைக்கு வீட்டுக் கூரையை மாற்றலாம்.
கூரை ஒழுகியது.
கூரையை மாற்றினோம்.
பெட்டியை நான் செய்கிறேன் என்று
வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நகமளவு சில்லு ஒன்று.
அலகுகள் செருகிய குடத்துக்குள் குட்டி மோட்டார்.
சுழன்றுகொண்டே இருப்பதற்கு மின்சாரம் எப்படிப் போகும்?
இரண்டு பித்தளை வளையம்,
அவற்றை உரசியபடி இரண்டு கரித்துண்டு.
ரவுனோ கடைந்து தந்தான்; கூலி,
பனித்துளையில் பிடித்த ஆறு மீன்.
பிறகு ஒரு காந்தம். அது கடக்கும்போதெல்லாம்
ஒரு துடிப்பு. சில்லு எண்ணும்.
வேகம் மிஞ்சினால் சாய்வைக் கூட்டும்,
குறைந்தால் குறைக்கும்.
ஒரு பக்கக் கணக்கு.

வீட்டில் நிஜமாகவே சூடான இடம் சவுனாதான்.
அதன் முன்னறையில், தொங்கும் துண்டுகளுக்கு நடுவே
பற்றாசு உருக்கினேன்.
முடிந்ததும் பலகையை மேல்தட்டில் உட்காரவைத்தேன்,
எண்பது டிகிரி, அரைமணி நேரம்.
அங்கிருந்து நேரே வெளியே,
மைனஸ் இருபத்தெட்டுப் பனிக்குள்.
"அப்படியே முதுகும் தேய்த்துவிடு" என்றாள் சைமி.
ஈரம் புகாதிருக்க அவள் நகப்பூச்சைப் பூசினேன்.
சிவப்பு. வேறு நிறம் வீட்டில் இல்லை.

விமானத்தைக் கட்டிப்போட்டு ஓட்டிய முதல் நாள்
சில்லு ஒன்பதாயிரம் என்றது.
எஞ்சின் நாலாயிரத்தில் இருந்தது.
தீப்பொறிக் கம்பியின் இரைச்சல்
காந்தத்தின் குரலில் பேசியிருக்கிறது.
மூன்று வாரம் போயிற்று.
கம்பிக்குக் கவசம், ஒரு மின்தேக்கி,
நிரலில் ஒரு காவல்:
இவ்வளவு சீக்கிரம் ஒரு சுற்று முடியாது,
முந்தி வருபவன் பொய்யன், எண்ணாதே.

பொய்யை நம்பிச் சாய்வு ஏறியிருந்தால்
காடு தொடங்குமுன் அவள் எழும்பியிருக்க மாட்டாள்.
இந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லவில்லை.
ஒரு சுவிட்ச் சேர்த்தேன்.
பெரிது, கையுறையோடு தட்டத் தக்கது.
தட்டினால் சில்லு ஒதுங்கிக்கொள்ளும்,
மோட்டார் அவள் விரலுக்கு மட்டும் கீழ்ப்படியும்.

மார்ச் ஒன்பது. மேகமில்லை.
அவள் மேலே, என் காதும் மேலே.
குரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது,
தூக்கம் வராதவன் புரள்வதுபோல.
சட்டென்று ஒரே சீர்.
தட்டிவிட்டாள்.

இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
"அசல் நீயேதான்.
ஐயாயிரம் கேட்டேன்.
மூன்று கூடினால் பதறி ஓடுகிறது,
இரண்டு குறைந்தால் மன்னிப்புக் கேட்கிறது."

மறுக்க வாயெடுத்தேன்.
காலையில் மட்டும் நான்கு முறை
அவள் பெட்ரோல் மூடியைத் திருகிப் பார்த்த கை
பையில் கிடந்தது.

அன்றிரவு ஒரே ஒரு வரி:
வித்தியாசம் நாற்பதுக்குள் என்றால்
சும்மா இரு.
எழுதுவது எளிது. ஓர் அடைப்புக்குறி திறந்து
ஒன்றும் வைக்காமல் மூட வேண்டும்.
வைக்காமல் மூட
எனக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது.

பதினோராம் தேதி மறுபடி போனாள்.
குரல் அசையவில்லை.
ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினேன்;
ஆறுவதற்குள் குடித்தும் முடித்தேன்.

"இனி அந்த சுவிட்ச் எதற்கு?" என்றாள்.
இருக்கட்டும் என்றேன்.
நகப்பூச்சில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
அதன் தலையில் ஒரு பொட்டு வைத்தேன்,
இருட்டிலும் தெரியட்டும்.