பட்டினம்

காவேரிப்பட்டினத்தில் கடல் இல்லை.
பேரில் மட்டும் ஒரு துறைமுகம்.
எடைமேடைக் கூண்டுக்குள்
பழைய ரசீதுகளின் முதுகில் வரைந்து
பசிபிக்கை ஒட்டி வைத்திருக்கிறோம்
நானும் சம்பங்கியும்.

மார்க்கேசஸில் ஏறி டோங்காவில் இறங்குவது.
நாற்பதடிப் பாய்மரப் படகு, வாடகைக்கு.
நங்கூரம் போட ஒன்பது தீவுகள்.
அதில் ஒன்றின் பேரை
அவள் ஒரு மாதிரி சொல்கிறாள், நான் ஒரு மாதிரி.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல்.
மே பிறந்தால் தென்கிழக்குக் காற்று, தெளிந்த கடல்.
மே பிறந்தால் இங்கே பெங்களூரா.
கூழ் ஆலைக்கு ராப்பகலாய் வண்டி,
வாசலில் விலைச் சண்டை,
மேடையை விட்டு நகர முடியாது.

"ஜூலை கடைசி?"
"நீலம் வருமே."
"அப்போ ஆகஸ்ட்டு."
பென்சிலைக் கடித்தபடி
தண்ணீர்க் கணக்குக்குப் போய்விட்டாள்:
தலைக்கு நாளைக்கு மூன்று லிட்டர்,
குளியல் உப்புத்தண்ணியில்.
அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.
எங்கள் தெருவில் குழாய் வருவது
எட்டு நாளைக்கு ஒருமுறை.

நீச்சல் தெரியுமா?
அந்தக் கட்டத்தை இருவருமே காலியாக விட்டிருக்கிறோம்.

போன ஞாயிறு கே.ஆர்.பி. அணையில்
காவலாளி விசில் ஊதும்வரை
முழங்கால் தண்ணீரில் நின்றோம்.
காற்று எந்தப் பக்கம் என்றாள்.
விரலை எச்சில் தொட்டு நீட்டினேன்.
பதில் சொல்வதற்குள் இன்னொரு விசில்.

வெளியே ஹாரன்.
பதினாறு சக்கர லாரி மேடை ஏறுகிறது.
கூண்டு லேசாக ஆடுகிறது.
சம்பங்கி
மேசையைப் பிடிக்காமல் நிற்கிறாள்.