இதுவல்ல, அதுவல்ல

மைனஸ் முப்பத்தொன்று.
இஞ்சினை அணைக்காமல் அதன் மேல் போர்வை போர்த்திவிட்டு
வண்டியிலேயே இருக்கிறான் சுந்துய்.
கம்பளிக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைகிறேன்.
மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளை.
கண் தெளியுமுன் காது வேலையைத் தொடங்கிவிட்டது:
இரண்டு இருமல்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சளிதான் டாக்டர்,
ஒரே கிண்ணத்துல பால் குடிச்சாங்க"
என்கிறாள் துல்மா.

பெரியவன் எனெபிஷ். 'இதுவல்ல' என்று பொருள்.
சின்னவன் தெர்பிஷ். 'அதுவல்ல.'
முதல் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு;
தேடி வரும் கெட்டது குழம்பித் திரும்பட்டும் என்று
வைத்த பெயர்கள்.
இப்போது குழம்பி நிற்பது நான்.

ஒரே சிவந்த கன்னம், ஒரே ஒழுகும் மூக்கு.
பையில் சோதனைப் பட்டை
ஒன்றே ஒன்று.

"எப்போதிலிருந்து?"
பெரியவன் நேற்று மதியம்வரை ஆட்டுக்குப் பின்னால் ஓடினானாம்.
சாயங்காலம் வெட்டிய மரம் போல விழுந்தான்.
தலைமுடி தொட்டாலும் வலிக்கிறது என்கிறான்.
பட்டை அவனுக்கு.
இரண்டாவது கோடு மெல்ல,
வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறது.
இன்ஃப்ளூயன்சா.

சின்னவனுக்கு மூன்றாவது வாரம்.
கையில் கடிகாரத்தோடு அவன் மார்பையே பார்த்திருக்கிறேன்.
ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறகு
தொடர்ந்து பதினான்கு இருமல், இடையில் மூச்சே விடாமல்,
உதடு நீலம் பாரித்து,
கடைசியில் காற்றை உள்ளே இழுக்கிறான்
துருப்பிடித்த கதவு திறப்பது போல. கக்குகிறான்.
எங்கள் பேச்சில் இதற்கு நீல இருமல் என்றே பெயர்.
தன் பெயரைத் தானே சொல்கிற நோய்
எவ்வளவு நேர்மையானது.

மருந்தை எடுத்து வைத்து, அளவு சொல்லி,
பையை மூடும்போது
வெளியே குதிரையைக் கட்டுகிறவன் இருமுகிறான்.
ஒரே ஒரு தரம். விருந்தாளிக்குக் கேட்கக்கூடாது என்பது போல.

சோய்ஜில் உள்ளே வருகிறான்.
"புகைதான் டாக்டர். சாண வறட்டிப் புகை."
போன கோடையில், அவன் தம்பி கல்யாணத்தில்,
இந்த மஞ்சள் இடைக்கச்சை
இரண்டு சுற்று.
இன்று மூன்று சுற்றி, முனை இன்னும் தொங்குகிறது.
இவனுக்கு ஏமாற்றுப் பெயர்
யாரும் வைத்திருக்கவில்லை.

மூடி போட்ட சின்ன டப்பாவை நீட்டுகிறேன்.
"விடிகாலைச் சளி வேண்டும். அடி நெஞ்சிலிருந்து."
துல்மா என்னைப் பார்க்கவில்லை,
கச்சையின் முனையைப் பார்க்கிறாள்.
"குளிர்ந்தாலும் பரவாயில்லை,
கூரைத் துளையைத் திறந்து வை."

வெளியே போய்ச் சொல்கிறேன்:
சுந்துய், இஞ்சினை அணை.
காலையில் ஊதுவிளக்கு வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம்.