எதிரி: ஆள்

பீடோர் அஞ்சடியில் என் கடை.
பாஸ்போர்ட் படம், லேமினேஷன், கல்யாண ஆல்பம்.
தயாளன் கொண்டுவந்த உறையில் ஒரே ஓர் அட்டை,
மூலையில் கறையான் பசியாறியிருந்தது.

நாடகப் படம்.
துணியில் வரைந்த மாளிகைத் தூண்களுக்கு முன்னால்
ஒருவன் மண்டியிட்டிருக்கிறான்.
ஒருவர் நிற்கிறார்: சரிகை அங்கி, தகரக் கிரீடம்,
நீட்டிய வாள். கிரீடத்துக்குக் கீழே
முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை.

பின்புறம் மசியில்:
மன்னர் – சடையப்பக் கங்காணி.
எதிரி – ஆள்.
1934, மாரியம்மன் திருநாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா" என்றான்.
"திரைச்சீலை, ஆர்மோனியம், கேஸ் விளக்கு
எல்லாம் அவர் செலவு.
ராஜா வேஷம் வேற யாருக்குக் கொடுப்பாங்க?"

கறையான் வேலையில்லை இது.
தொழில் தெரிந்தவன் சொல்கிறேன்.
கூரைக் கண்ணாடி வழி இறங்கும் வெயிலுக்கு
இரண்டு விநாடி, மழைநாளில் மூன்று.
கறுப்புத் துணிக்குள்ளிருந்து சீனர் கத்தியிருப்பார்:
ஜாங்கான் கெராக்!
அசையாதே என்று
அதுவரை யாரும் கங்காணியிடம் சொன்னதில்லை.
வாள் கனத்ததோ, மூக்கில் ஈயோ,
இல்லை, ஆள் ஒழுங்காக மண்டியிட்டிருக்கிறானா என்று
ஒருமுறை குனிந்து பார்த்தாரோ.

ஆள் அசையவில்லை.
விடியுமுன் முந்நூறு மரம்,
பட்டையில் கோடு ஒரு மயிரிழை ஆழம் போனால்
அரைநாள் சம்பளம் போகும் கை.
புருவத்தை எண்ணலாம்.
அரிதாரத்தின் மேல் வழிந்து பாதியில் நின்ற
ஒரு சொட்டு வேர்வையை எண்ணலாம்.
தோற்றவன் நேராக நம்மைத்தான் பார்க்கிறான்.
கோபமில்லை.
நாடகத்துக்கு வேண்டிய பயம் மட்டும்,
படியில் அளந்து தலை தட்டிய மாதிரி.

"முகம் வருமா?"
இல்லாததை எங்கிருந்து எடுப்பது.
வேறு படமும் கிடையாதாம்.
அஞ்சடியில் போய் நின்று சிகரெட் ஒன்றை முடித்துவிட்டுத்
திரும்பி வந்து சொன்னான்:
"கீழ இருக்கறவனோடதை எடுத்து
மேல ஒட்டிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது."

வெட்டினேன். நிழலைத் திருப்பினேன்.
பயத்தைத் துடைக்க ஒரு மணி நேரம் ஆனது.
கிரீடம் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.
மண்டியிட்டவனைத் தொடவில்லை.
அவன் இன்னும் அசையவில்லை.

திரையருகே குனிந்து பார்த்தான் தயாளன்.
"அவரேதாங்க. எங்கப்பா மூக்கு அப்படியே."

முப்பத்தைந்து ரிங்கிட் என்றேன்.
சட்டம் தனி.