கடைமடை வற்றும் வரை

மேட்டூரை அடைத்து ஆறு நாள்.
மூணாறு தலைப்பில் முழங்காலளவு ஓடுகிறது.
இப்போது விட்டால் பிறகு ஒழியாதென்று
கையெழுத்திட்ட தாளை நாலாய் மடித்தேன்.

முந்தின இரவு
புது பிளேடு, கைபேசி வெளிச்சம்.
ரெஜினா சிஸ்டர் சொல்லியிருந்தார்:
மழித்துக்கொள்ளுங்கள், சோப்புப் போட்டுக் குளியுங்கள்,
இட்லி சாப்பிட்டே வரலாம்,
இறுக்கமான ஜட்டி ஒன்று, பழசானாலும் துவைத்தது.
ரத்தம் இளகும் மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா?
அவர் கேட்கக் கேட்க
சுவர்க் காலண்டரில்
முகூர்த்த நாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் கலியமூர்த்தி:
"அதுக்கப்புறம் மூட்டை தூக்க வராதாம்ல?
மீசைகூட மெலிஞ்சிருமாம்."
அவனுக்கு நாலு பிள்ளை.
நாலாவதுக்கு அவன் வீட்டுக்காரிக்கு
ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்;
ஒன்று என்னுடையது.
நான் டீயைக் குடித்தேன்.

பொற்கொடிக்கு இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தது.
இரண்டாவதில் மயக்கம் தெளிந்ததும் கேட்டாள்:
"இன்னொரு தடவையும் எனக்கேதான் கத்தியா?"
யாரிடம் கேட்டாள் என்று சொல்லவில்லை.
எட்டு மாதம் அந்தக் கேள்வி
தூளிக் கம்பு மாதிரி
போகவர என் நெற்றியில் இடித்தது.

நீடாமங்கலம் ஆஸ்பத்திரி. பச்சைத் துணி.
"என்ன வேலை பாக்குறீங்க?"
"லஸ்கர் சார். மதகு திறந்து மூடுறது."
"அப்ப உங்களுக்கு நான் விளக்கவே வேணாம்."
சொல்லிவிட்டு விளக்கினார்.
மதகுக்குத் திருகு உண்டு சார், மறுபடி திறக்கலாம் என்றேன்.
சிரிப்பை நிறுத்தினார்.
"இதை நிரந்தரம்னே வச்சுக்குங்க.
யோசனை இருந்தா இப்பவே எழுந்து போலாம்."
நான் எழவில்லை.

ஊசி எறும்புக்கடி என்றார்கள்.
எறும்பில்லை, குளவி.
ஒரே குளவி, அதோடு சரி.
பிறகு அடிவயிற்றுக்குள் யாரோ
ஒரு நூலை மெதுவாக இழுக்கிறார்கள்.
வலி என்று சொல்ல முடியாது, இல்லையென்றும்.
மின்விசிறியில் ஓர் இறக்கை கோணல்.
தையல் கிடையாது,
அரிசி நீளத்தில் ஒரு துளை, மேலே பஞ்சு.
இனிமேல்தான் ஆரம்பிப்பார்கள் என்று
பல்லைக் கடித்தபோது
"எழுந்துக்கலாம்" என்றார் ரெஜினா.

திரும்பும் வழியெல்லாம்
தார் ரோட்டில் நெல் காய்ந்தது.
குவியலுக்குக் குவியல் ஆட்டோ விலகும்.
ஒவ்வொரு விலகலும் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் படுக்கை.
பால் பாக்கெட்டை உறையவைத்து
துண்டில் சுற்றித் தந்தாள்.
மூன்றாம் நாள் பார்த்தால் நாவல்பழ நிறம்.
பதறிப் போன் செய்தேன்.
"தேங்காயாட்டம் வீங்கினா, காய்ச்சல் அடிச்சா, உடனே வாங்க.
கலருக்கெல்லாம் வராதீங்க."
ஒரு வாரம் சைக்கிள் இல்லை, மூட்டை இல்லை.
மதகுச் சக்கரத்தைக் கோவிந்தராசு சுற்றினான்.
குடலிறக்கம் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.
சின்னவள் கை நீட்டி அழுதாள்,
தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பத்தாம் நாள் இரவு
"இதோட முடிஞ்சுதா?" என்றாள்.
அடைத்த அன்றைக்கே வாய்க்கால் காயாது.
பலகை இறக்கியும் பல நாள்
கடைமடைக்காரன் நின்ற தண்ணீரை இறைப்பான்.
மூன்று மாதம், இருபது தடவை,
பரிசோதனைச் சீட்டு வரும்வரை உறை
என்று சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.
"இருபதா?"
இருட்டில் சிரிப்பு.
"யாரு எண்ணுறது?"
நீர்மட்டம் குறிக்கிற நோட்டில்
எனக்குப் பழக்கம்தான் என்றேன்.
கிள்ளினாள்.

மே மாதம். கோரையாறு வெறும் மணல்.
சிறு டப்பாவைச் சட்டைக்குள் வைத்து,
உடம்புச் சூடு ஆறுமுன் கொண்டுபோனேன்.
மறுநாள் சீட்டு:
விந்தணுக்கள் காணப்படவில்லை.

பொற்கொடி இரண்டு முறை படித்தாள்.
ரேஷன் கார்டு உறையில்
தன் இரண்டு பிரசவத்து டிஸ்சார்ஜ் தாள்களோடு
சேர்த்துச் செருகினாள்.
அவளுடையவை தடித்த கட்டுகள்.
என்னுடையது
ஒரே பக்கம், அதிலும் பாதி காலி.