உப்பில்லாத இறைச்சி

விடியப்புறம் மூன்று மணிக்கு
குருநகர் ஐஸ் ஆலையில் பாளம் உடைக்கிறவன் நான்.
தம்பி எமிலியான் கனடாவின் வடக்கில்
உறைந்த ஏரிக்கு மேலாக லொறி ஓட்டுகிறான்.
"நீ உடைக்கிறாய் அண்ணை,
நான் உடையக்கூடாதெண்டு நேர்த்தி வைக்கிறன்"
என்று சிரிப்பான்.

அம்மாவை அடக்கிய அன்று அவன் வரவில்லை.
ஐஸ் பாதை வருசத்தில் இரண்டு மாதம்தான் கிடக்குமாம்.
வட்ஸ்அப்பில் பெட்டியைப் பார்த்தான்.
யாகப்பர் கோவில் வாசலில்
சிக்னல் அறுந்துபோனது.

அன்றிரவு அவன் கதவைத் தட்டியது அல்போன்ஸ்,
கூட ஓட்டுகிற டெனே மனுசன்.
(அவர்களின் பாட்டன்மாருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது
அமலமரித் தியாகிகள் சபைச் சாமிமாராம்.
எங்கள் வெயிலுக்குள் வந்த அதே நீள அங்கி
அந்தப் பனிக்குள்ளும் போயிருக்கிறது.)
ஒன்றும் சொல்லவில்லையாம்.
துணிப்பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்து,
சப்பாத்தைக் கழற்றி,
விடியும்வரை இருந்தாராம்.

பொட்டலத்துக்குள் கரிபூ.
மானா, என்றேன்.
மான்தான், ஆனால் பெட்டைக்கும் கொம்பு, என்றான்.
தாளாக வார்ந்து புகையில் உலர்த்தின இறைச்சி.
பாதியை அவன் அன்றே தின்றான்.
மற்றப் பாதி
கொக்குவில் ஆள் ஒருவரின் குளிர்ச்சட்டைப் பைக்குள்
சுங்கத்தைத் தாண்டி
முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல்நாள்
வீட்டுக்கு வந்தது.

"விக்கக் கூடாது, பங்கிட வேணும்."
மீன் கரையேற முதலே விலை கூவுகிற ஊருக்கு
இப்படி ஒரு நிபந்தனை.
சம்மாட்டி செபமாலை வாங்கி மணந்துபார்த்து
கிலோ என்ன போகும் என்றார், பழக்கதோசத்தில்.
ஒன்பது வீட்டுக்கு, நகமளவு நகமளவாய்.
"உப்பில்லாத கருவாடு," என்றாள் மச்சாள் றெஜினா.
அவளின் கடைசி, றொக்சன்,
சப்பிவிட்டு முற்றத்தில் துப்பினான்.

இரவு எமிலியான் எடுத்தான்.
வேட்டைக்காரன் அதைப் பிடிக்கிறதில்லையாம்.
அதுவாக வந்து தன்னைத் தருமாம்.
தடியால் அடித்தால் மனம் முறிந்து
வருசக்கணக்கில் அந்தப் பக்கம் வராதாம்.
பெருமை பேசினாலும் அதற்குக் கேட்குமாம்.
"எத்தினை சுட்டிருக்கிறியள் எண்டு ஒருக்காக் கேட்டிட்டன்.
அந்தாள் கண்ணாடியாலை வெளியைப் பாத்துக்கொண்டு இருந்தார்."

இப்போது மந்தை தேய்ந்துவிட்டது.
விமானத்திலிருந்து எண்ணுகிறார்கள்.
இலட்சத்தில் எண்ணினது ஆயிரத்துக்கு வந்துவிட்டது.
அல்போன்சின் ஆட்கள் துவக்கை இறக்கிவைத்துவிட்டு
கோடையில் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து
வருகிறதா, குட்டி நிற்கிறதா, நொண்டுகிறதா
என்று பார்த்துக்கொண்டு இருக்கிறார்களாம்.
பார்க்கிறதுதான் வேலை.

நாங்களும் இருந்தோம்,
முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம், பாஸ் இல்லாமல்,
கடலைப் பார்த்துக்கொண்டு.
ஆனால் கடல் பிழைக்கட்டும் என்று இருக்கவில்லை.
கம்பி எடுத்த அன்றே
கண்ணறை சின்னதாய் வலை வாங்கினோம்.
இதை அவனுக்குச் சொல்லவில்லை.

"இது தூரத்து மந்தை, அண்ணை.
மருமகன் குடுத்த பங்கு.
அந்த வருசம் அவருக்குக் கிடைச்சதே அவ்வளவுதான்."
பிறகு, வைக்கிற நேரம்:
"மிச்சம் கிடந்தால் நாய்க்குப் போட்டிடாதை.
அது மரியாதையில்லை. நெருப்பிலை போடு."

றொக்சன் துப்பினதை
எங்கள் கறுவல் எப்போதோ நக்கி முடித்திருந்தது.
முற்றத்து மண்ணில் ஈரம்கூட இல்லை.
"ஓம்," என்றேன்.

மூன்று மணி.
கறுவல் பின்னால் வந்தது, ஒவ்வொரு நாளும் வருகிறமாதிரி.
முதல் அடிக்குப் பாளத்துக்குள்
வெள்ளையாய் ஒரு வெடிப்பு ஓடியது.
அங்கே இப்போது பகல்.
அவன் ஏரிக்கு நடுவில் நிற்பான்.
சுத்தியலைக் கொஞ்சநேரம் கீழே வைத்தேன்.

சிதறின ஐஸ் துண்டை நக்கிக்கொண்டிருந்த நாயிடம்
குனிந்து கேட்டேன்:
நீ தின்டது ஆரெண்டு தெரியுமோ?