மூன்றாவது கால்

பின்லாந்தின் கயானியில்
மூடிப்போன காகித ஆலைக்குள்
இப்போது சர்வர்கள் ஓடுகின்றன.
அன்று கூழைக் கரைத்த ஆற்றுநீர்
இன்று சூட்டைக் கரைக்கிறது.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
உள்ளே நான், ஔனெ கெரனென்,
இரவுப் பணி, ஆறிப்போன காப்பி.

நாலாம் வரிசை, பதினேழாம் அடுக்கு.
மஞ்சள் விளக்கு.
ஒரு சர்வர் விழிக்க மறுக்கிறது.

பழுதானால் சத்தம் வரும், கருகல் வாடை வரும்.
இது பழுதில்லை.
வாயை இறுக மூடிக்கொண்டு
மாட்டேன் என்கிறது.

பலகை ஓரத்தில் ஒரு சில்லு உண்டு.
சுண்டுவிரல் நகத்தில் பாதி. எட்டுக் கால்.
மின்சாரம் வந்ததும் இயந்திரம் படிக்கிற முதல் வாக்கியம்
அதில்தான் இருக்கிறது:
நீ யார், உனக்கு எத்தனை கை,
யாரை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும்.
அந்த வாக்கியத்தில் ஒருவன் கைவைத்துவிட்டால்
அப்புறம் மேலே எத்தனை பூட்டு தொங்கினாலும் அலங்காரம்.
முதல் கோணல் முற்றும் கோணல்.

அதனால் பக்கத்திலேயே ஒரு காவல் சில்லு.
எல்லோருக்கும் முன்பு விழித்துக்கொள்ளும்.
மற்றவர்களை எழவிடாமல் பிடித்துவைத்து
எட்டுக்காலனை எழுத்து விடாமல் வாசிக்கும்.
தனக்குள் சுட்டுப் பொறித்த சாவியால்
கையொப்பம் சரிதானா என்று பார்க்கும்.
சரியென்றால் பச்சை.
இல்லையென்றால்
கெஞ்சினாலும் மஞ்சள்.

மூடியைக் கழற்றி உருப்பெருக்கியை வைத்தேன்.
மூன்றாவது கால்
மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும்.
மின்காரர்கள் சொல்கிற மண்தான்.
அது ஊன்றி நிற்கும்வரை
படிக்கலாம், எழுத முடியாது.

மூன்றாவது கால் தூக்கி நின்றது,
கொக்கு மாதிரி.
ஈயம் புதுசு. அவசரக் கை.

உடம்பு சிலிர்த்தது.
ஒற்றர்கள், துறைமுகத்தில் பிரித்து ஒட்டிய பெட்டிகள்,
பெயர் தெரியாத தேசங்கள்.
இவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்தார்களா என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கதவின் பதிவேட்டைத் திறந்தேன்.
செவ்வாய் இரவு, இரண்டு பதினான்கு.
அட்டை எண் 0391.
என் அட்டை.

செவ்வாய் இரவு நான் வீட்டில்
காய்ச்சலோடு போர்வைக்குள் கிடந்தேன்.
அட்டை தூரெ மொய்லனெனிடம் இருந்தது.
அவனுடையது உடைந்துவிட்டது, புதுசு வர ஒரு வாரம்.
"வெச்சுக்கோ" என்று
நான்தான் மேசைமேல் தள்ளிவிட்டிருந்தேன்.

ஆறு மணிக்கு வந்தான்,
தாடியில் உறைபனி.
நான் கேட்கும் முன்பே சொன்னான்:
"வெப்பமானி பொய் சொல்லுது, ஔனெ.
சூடு இல்லாதப்போ சூடுன்னு சொல்லி
அணைச்சு அணைச்சுப் போடுது.
ஓலு மருத்துவமனையோட எலும்புப் படமெல்லாம் அதுல.
கம்பெனி கையெழுத்துப் போட்ட திருத்தம் வர
பதினொரு நாள்.
நான் மாத்தினது ஒரே ஒரு பைட்.
நேத்து மின்சாரத்தை வெட்டி ஏத்துற வரைக்கும்
நல்லாத்தான் ஓடிச்சு."

ஒரே ஒரு பைட்.
திருடனுக்கும் அது போதும்.

நம்பினேன் அவனை. இப்போதும் நம்புகிறேன்.
காவல் சில்லு நம்பவில்லை.
நல்லெண்ணத்துக்குக் கையொப்பம் கிடையாது;
அதைச் சரிபார்க்க
எந்தச் சாவியும் இன்னும் பொறிக்கப்படவில்லை.

அவனைத் திட்ட வாயெடுத்தேன்.
பதிவேடு திரையில் அப்படியே இருந்தது.
தூரெ என்ற பெயர் அதில் எங்குமே இல்லை.
பலகையில் தூக்கி நின்றது ஒரு கால்,
மேசையில் தள்ளிவிடப்பட்டது ஓர் அட்டை.
எது முதல்?

பூட்டிவைத்த மூலப்பிரதியிலிருந்து
எட்டுக்காலனுக்குள் பழையபடி எழுதினேன்.
தூரெ விளக்கைப் பிடித்துக்கொண்டான்.
ஈயம் உருகி, உருண்டு,
மூன்றாவது கால் மண்ணைத் தொட்டது.

பச்சை. காற்றாடிகள் சுழன்றன.
நாற்பது நிமிடம் கழித்து
வெப்பமானி மறுபடி பொய் சொல்லி
மறுபடி அணைத்தது.
மருத்துவமனைக்கு யார் போன் பண்ணுவது என்று
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அறிக்கைப் படிவத்தில் முதல் கேள்வி:
அனுமதியின்றி நுழைந்தவர்.

0391 என்று எழுதினேன்.
அடைப்புக்குள் என் பெயர்.